வால்பியில் இரண்டு அறை

டென்மார்க்கின் சின்ன ஊரான பிராண்டேயில் ஒரு வீட்டை விற்ற காசுக்குக் கோப்பன்ஹேகனில் என்ன வாங்கலாம் என்று இராசலட்சுமியிடம் கேட்டால் யோசிக்காமலே பதில் வரும்: ஒரு குளியலறை, தரகருக்கு மனம் இரங்கினால் அதற்கொரு ஜன்னல். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் அல்ல. ஒரு வருடமாக அவளுக்கு இதுதான் ஆராய்ச்சி. முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் இடைவேளையில் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் ஒரு மூலையில் கைபேசியும் கையுமாக வீடு பார்த்துக்கொண்டிருப்பாள். அமாகரில் மூன்றாம் மாடி, வன்லோசவில் பல்கனி வைத்தது, நோர்வெஸ்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றின் விலையையும் கண்டதும் நெஞ்சில் கை வைப்பாள். பிறகு அடுத்ததைத் திறப்பாள்.

அவளும் கணவன் மாமாங்கமும் வாங்கிய பிராண்டே வீடு ஒன்றும் சின்ன வீடு இல்லை. ஆறு அறை, இரண்டு ஃப்ரீசர் கிடக்கிற நிலவறை, கார் இரண்டு நிற்கிற கராஜ், பின்னால் ஒரு புல்வெளி. அந்தப் புல்லை வெட்டி வெட்டியே மாமாங்கத்துக்கு முதுகு போய்விட்டது. அத்தனைக்கும் சேர்த்துப் பதினாறு இலட்சம் குறோனர் போகும் என்று சொன்னார்கள். அதே காசைக் கோப்பன்ஹேகனில் நீட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள், டென்மார்க்கில் தரகர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "ஏதாவது வந்தால் அறிவிக்கிறோம்" என்பார்கள். அறிவித்ததாக இன்றுவரை சரித்திரம் இல்லை.

ஐம்பத்தேழு வயதில் ஒரு பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்கலாம். காரணம் கார்தான். பிராண்டே நல்ல ஊர். காற்றாலைத் தொழிற்சாலை இருக்கிறது, தமிழ்ச்சனம் இருக்கிறது, பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த ஊரில் காலே இல்லை. இராசலட்சுமி மூன்று தடவை சாரதிப் பரீட்சைக்குப் போய் மூன்று தடவையும் அழுதுகொண்டு வீடு வந்தவள். வேலைக்குச் சைக்கிள். மற்ற எங்கே போவதென்றாலும் மாமாங்கம். கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்கிறவர் இல்லை, தங்கமான மனிதர்தான். ஆனாலும் துணிக்கடைக்கு வெளியே காருக்குள் இருந்துகொண்டு "இன்னும் முடியல்லையா?" என்று நிமிடத்துக்கொரு தரம் கைபேசியில் கேட்கிற ஒருவரை வைத்துக்கொண்டு எவளால் ஒரு சட்டையை நிம்மதியாகத் தெரிவுசெய்ய முடியும்?

கோப்பன்ஹேகனில் மேரிகிறேஸ் என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. இருவரும் மட்டக்களப்பில் ஒரே பள்ளிக்கூடம். மேரிகிறேஸ் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. போன வருடம் அவளைப் பார்க்கப் போனபோது, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இராசலட்சுமி தனியாக மெட்ரோவில் ஏறினாள். தனியாக இறங்கினாள். ஒரு கடைக்குள் போய் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறித் திரும்பி வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் வெளியே காத்திருக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று பிடித்த பைத்தியம்தான் இது.

ஆசை இருந்தால் போதுமா? வீட்டை விற்க வேண்டுமே. பத்திரத்தில் அவள் பெயரும் மாமாங்கத்தின் பெயரும் இருந்தன, டென்மார்க் அரசாங்கத்துக்கு அது போதும். மட்டக்களப்பாருக்குப் போதாது. அங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் ஆனால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வளவின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். மூன்று வருடத்துக்கு முன் மகள் நிஷாந்தியின் கலியாணத்தில் மாமாங்கம் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்து, "வீடு மகளுக்கு!" என்று அறிவித்துவிட்டார். அடுத்த கிழமையே பெரிய அறைகளை மகளுக்கும் மருமகன் மயூரதனுக்கும் விட்டுவிட்டு, இவர்கள் இருவரும் நிலவறையில் ஃப்ரீசர்களுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். புல்வெளியில் குடிசை போடக் கொம்மூன, அதாவது ஊர் நகரசபை, அனுமதி தராதே.

சபையில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மானம் கெட்ட வேலை. ஆகவே இராசலட்சுமி வாயைத் திறக்கவில்லை. விலை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள். பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி வேண்டும்?

இப்படி இருந்தவளைத்தான் ஒரு வியாழக்கிழமை மேரிகிறேஸ் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெடுத்தாள்.

"ராசம், எங்கட கட்டடத்தில ரெண்டாம் மாடி காலியாகுது கா! ரெண்டு அறை. ஐம்பத்தெட்டு சதுர மீற்றர். பதினாலரை லெச்சம்!"

"நாப்பது எண்டு சொல்லு. உனக்கு எண் மாறிப்போச்சு."

"இல்ல கா, இது ஆண்டெல் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கலாம். வாசல்ல பஸ், ரெண்டு நிமிஷத்தில ரயில்."

ஆண்டெல் என்றால் என்ன என்று இராசலட்சுமிக்குத் தெரியும், ஆராய்ச்சிக்காரி அல்லவா. கட்டடம் குடியிருப்போர் எல்லோருக்கும் பொது, நாம் வாங்குவது அதில் ஒரு பங்கு. விலையைச் சங்கம் கட்டிவைத்திருக்கும், யாரும் கூட்டிக் கேட்கவும் முடியாது குறைத்துக் கேட்கவும் முடியாது. அதனால்தான் மலிவு. மாதாமாதம் சங்கத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் வெளியாருக்கு வருவது அபூர்வம், உள்ளே இருப்பவர்களே வாங்கிவிடுவார்கள். இந்த முறை அவர்களில் யாருக்கும் தேவைப்படவில்லையாம்.

"நிஷாக்கு ஒரு சொல்லும் சொல்லிராத," என்றாள் இராசலட்சுமி. "சத்தியம் பண்ணு."

"அந்தோனியார் மேல சத்தியம்," என்றாள் மேரிகிறேஸ். அவள் குரலில் லேசான தடுமாற்றம் இருந்ததை இராசலட்சுமி கவனிக்கவில்லை. அவள் அந்நேரம் பதினாறிலிருந்து பதினாலரையைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மாமாங்கத்தைச் சம்மதிக்க வைப்பது இலகுவாக இருக்கவில்லை. நிலவறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

"ஐம்பத்தெட்டா? எங்கட கராஜ் அதைவிடப் பெருசா இரிக்கும் புள்ள."

"கராஜில ஆரு இரிக்கப் போறா?"

"மாசம் அஞ்சாயிரம் வேற கட்டணுமாம். வாங்கின வீட்டுக்கு வாடகையா? இது எந்த ஊர் ஞாயம்?"

இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள். "இஞ்ச பாருங்க. இந்த வீட்டுக்கு நாம ஒண்டும் கட்டல்லையா? சூடாக்கிற காசு? காணி வரி? கூரை மாத்தணும் எண்டு போன மாரியே சொன்னீங்க, அதுக்கு எவ்வளவு? ரெண்டு காருக்கும் காப்புறுதி? அங்க கார் வேணா. பனி தள்ள வேணா. புல்லு வெட்ட வேணா."

"புல்லு வெட்ட வேணாவா?" மாமாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஞாபகம் வந்தவராக மறுபடி சாய்ந்தார். "மறுகா புள்ளைக்குக் குடுத்த வீடு? அதை வித்தா அவள் எங்க போவாள்? சனம் என்ன கதைக்கும்?"

"பாக்கத்தானே போறம்," என்றாள். "பாக்கிறதுக்கு என்ன காசா?"

"போற வழியில கடல் பாலத்துக்குக் காசு," என்றார் மாமாங்கம். ஆனாலும் சம்மதித்தார். கராஜை விடச் சின்ன வீட்டை நேரில் கண்டால் மனைவிக்கு ஆசை விட்டுப்போகும், அத்தோடு இந்தத் தொல்லை தீரும் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இராசலட்சுமி வீட்டில் சொன்ன பொய், ஹேர்ணிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறோம் என்பது. பிள்ளையார் மன்னிப்பார், அவரும் இடம் மாறி வந்தவர்தானே. மகள் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவர்களும் ஓகூஸில் யாரோ சிநேகிதரின் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று அவசரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வயதுப் பேத்திக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த மயூரதன், "ஆறுதலா வாங்க மாமி, அவசரமில்ல," என்று வழக்கத்துக்கு மாறாக மிகவும் அன்பாகச் சொன்னான்.

வழியெல்லாம் இராசலட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பாட்டைப் போட்டாள், நிறுத்தினாள். ஃபூன் தீவில் எண்ணெய் நிரப்ப நிறுத்தியபோது மாமாங்கம் நெடுஞ்சாலையைப் பார்த்து, "அந்தச் சாம்பல் கார் எங்கட மருமகன்ட மாதிரியே போகுது," என்றார்.

"டென்மார்க்கில பாதிச் சனம் சாம்பல் கார்தான் ஓடுது. நீங்க ஏறுங்க," என்றாள் அவள்.

பெரிய பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் வெளித்துக்கொண்டு வந்தது. நல்ல வெயில். கல்யாணமாகி முதல்முறை கணவனோடு படம் பார்க்கப் போனபோது கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். "அண்டைக்கு நீ படம் முழுக்க நித்திரை," என்றார் மாமாங்கம்.

கோப்பன்ஹேகனின் வால்பிப் பகுதியில் அந்தக் கட்டடம் சிவப்புச் செங்கல்லில் நான்கு மாடி. இரண்டாம் மாடி வாசலில் உயரமான ஒரு தரகர்ப் பெண் எல்லோருக்கும் சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொள்ள நீல பிளாஸ்டிக் உறைகள் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமாங்கம் ஒரு காலுக்கு இரண்டை மாட்டிவிட்டு மற்றக் காலுக்குத் தேடினார். உள்ளே ஏற்கெனவே சில பேர் நடந்துகொண்டிருந்தார்கள். படுக்கையறையில் ஒரு டேனிஷ் சோடி தங்கள் சோபா எங்கே நிற்கும் என்று அடியால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இராசலட்சுமி வரவேற்பறையின் நடுவில் போய் நின்றாள். சின்ன அறைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். பிராண்டே வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கொண்டுவந்தால் மனிதர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள். பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரு கிழவி தன் பையோடு இறங்கி, தன்பாட்டில், யாரையும் கேட்காமல், தெருவைக் கடந்து போனாள். அடுத்த பஸ்சுக்கு ஏழு நிமிடம் என்று தரிப்பிடத்துப் பலகையில் எழுத்து ஓடியது. பிராண்டேயில் ஞாயிற்றுக்கிழமை பஸ்சுக்குக் காத்திருந்தால் திங்கட்கிழமை வரும். இது என் வீடு என்று மனதுக்குள் ஒரு குரல் பட்டென்று சொல்லிவிட்டது. ஒரு வருடமாகப் பார்த்த எந்த வீட்டுக்கும் அது அப்படிச் சொன்னதில்லை.

மாமாங்கம் என்ன செய்தார் என்றால், ஆசை விட்டுப்போக வைக்க வந்த மனிதர், தரகர்ப் பெண்ணிடம் பனியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பனி தள்ளுவது யார்? பராமரிப்பாளர். புல்? முற்றத்துப் புல்லா, அதுவும் அவர்தான். கூரை? அது சங்கத்தின் பாடு. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. சங்கத்துக்குக் கட்டுகிற காசு வாடகை இல்லை, தன் முதுகைக் காப்பாற்றுகிற காசு என்று மனிதருக்கு அப்போதுதான் விளங்கியது. "ஒரு ஃப்ரீசரைக் கீழ வைக்கலாமாம் புள்ள," என்று அங்கிருந்தே கத்தினார்.

குசினியையும் பார்ப்போம் என்று இராசலட்சுமி கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு பெண் குனிந்து மின்னடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் தோளில் குழந்தையோடு நின்று புகைபோக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தான். குழந்தை அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "அம்மம்மா!" என்றது.

அடுப்புக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. நிஷாந்தி.

மூன்று பேரும் நீல உறை மாட்டிய கால்களோடு அப்படியே நின்றார்கள். மாமாங்கம் பின்னால் வந்து, "குசினி எப்பிடி..." என்று தொடங்கியவர் வாயை மூடவில்லை.

"ஹேர்ணிங் கோயிலுக்கு எண்டுதானே சொன்னீங்க?" என்றாள் நிஷாந்தி.

"ஓகூஸில பிறந்தநாள் எண்டுதானே நீ சொன்ன?"

"மாமி," என்றான் மயூரதன் பலவீனமாக, "நாங்க சும்மா பாக்கத்தான்..."

"நாங்களும் சும்மாதான்," என்றார் மாமாங்கம்.

முதலில் உடைந்தது நிஷாந்திதான். அவளுக்குக் கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்திருந்தது. அவள் படித்த படிப்புக்கு அதைவிடப் பெரிய வேலை டென்மார்க்கில் இல்லை. நாளைக்குள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். இரண்டு கிழமையாக மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"ஏன் புள்ள சொல்லல்ல?" என்றாள் இராசலட்சுமி.

"எப்பிடிச் சொல்றது அம்மா? நீங்க ரெண்டு பேரும் வீட்டை எங்களுக்குத் தந்துபோட்டு நிலவறையில படுக்கிறீங்க. அந்த வீடு வேணா, நான் போறன் எண்டு நான் எந்த வாயால சொல்றது? உங்கட மனசு உடைஞ்சிடும் எண்டுதான்..." நடுவில் டேனிஷில் நாலு வார்த்தை, பிறகு மறுபடி தமிழ். "எனக்குப் பிராண்டே வேணா அம்மா. மூண்டு வருஷமா வேணா."

இராசலட்சுமி மகளைப் பார்த்தாள். மூன்று வருடமாக அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் அந்த நிலவறையில் ஃப்ரீசரின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுத்தாள். அந்தத் தாய்க்காகத்தான் அந்தப் பிள்ளை மேலே படுத்தது. இரண்டு பேருக்கும் வேண்டாத வீட்டை இரண்டு பேரும் மாறி மாறி மரியாதையாகக் கட்டிக்காத்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தாள். நிஷாந்தியும் சிரித்தாள். கடைசியில் நாலு பேரும் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, சோபா அளக்க வந்த சோடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இந்த வீட்டைப் பற்றி உனக்கு ஆரு சொன்னது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் இராசலட்சுமி.

"மேரிகிறேஸ் அன்ரி."

அந்தப் பெயரைச் சொன்னதும், சிரிப்புச் சத்தம் கேட்டு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த மேரிகிறேஸ் வாசலில் தலையைக் காட்டினாள். நாலு பேரையும் ஒன்றாகக் கண்டதும் திரும்பி ஓடப் பார்த்தாள்.

"நில்லு கா!" என்றாள் இராசலட்சுமி.

"நான் என்ன செய்ய? அவள் முதல் நாள் வந்து உன்னட்டச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினாள். அடுத்த நாள் நீ அவளிட்டச் சொல்லக்கூடாதெண்டு வாங்கின. ரெண்டும் அந்தோனியார் மேல. நான் எதை உடைக்க?" மேரிகிறேஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ரெண்டையும் காப்பாத்தினேன். என்னில பிழை இல்ல."

அந்த நேரம் பார்த்துத் தரகர்ப் பெண் உள்ளே வந்தாள். விலை ஒன்றுதான், ஏலம் இல்லை, முதலில் வேண்டும் என்று சொல்கிறவரின் பெயரைச் சங்கத்துக்கு அனுப்புவேன் என்று டேனிஷில் சொன்னாள். படுக்கையறையில் நிற்கிற சோடியும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், அதிக நேரம் எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னாள். "உங்கள் குடும்பத்துக்கு வேண்டுமா?"

சிரிப்பு நின்றது. வீடு ஒன்று. வேண்டுகிற சோடி இரண்டு.

மாமாங்கம் யோசிக்கவே இல்லை. அவருக்கு அது பழக்கம். "புள்ளைக்கு விடுவம்," என்றார். "வேலைக்கும் கிட்ட. நாங்க பிராண்டேயிலயே இரிப்பம், என்ன புள்ள?" சொல்லும்போது அவர் முகம் வாடியதை அவரே அறியவில்லை.

எல்லோரும் இராசலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கே தெரியும். ஓம், பிள்ளைக்கே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவளுடைய தாய் அப்படித்தான் சொன்னாள், தாயின் தாயும் அப்படித்தான். மட்டக்களப்பு வீட்டை அவள் தெரிவுசெய்யவில்லை, கொடுத்தார்கள். டென்மார்க்கில் முதல் இருந்த வீட்டைக் கொம்மூன கொடுத்தது. பிராண்டே வீட்டைத் தொழிற்சாலைக்குக் கிட்ட என்று மாமாங்கம் பார்த்தார். வாழ்நாளில் அவள் தானாகப் பார்த்து, தானாக நெஞ்சில் கை வைத்து, இது என்று சொன்ன ஒரே வீடு இது. கீழே இன்னொரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு வேணும்," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மேரிகிறேஸ் சிலுவை போட்டாள்.

"என்ன புள்ள கதைக்கிறாய்?" என்றார் மாமாங்கம். "வீடு பொம்பிளைப் புள்ளைக்கெண்டுதானே எங்கட வழக்கம்?"

"ஓம். வீடு பொம்பிளைக்கு." அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஆனால் பின்வாங்கவில்லை. "நானும் பொம்பிளைதான்."

இராசலட்சுமி மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சபையில் கொடுத்ததை இப்போது பறித்தாயிற்று. இனிப் பிராண்டே முழுக்க இதைத்தான் கதைப்பார்கள். கதைக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்திலேயே பயமாகவும் இருந்தது.

பிறகு பின்னாலிருந்து இரண்டு கை வந்து அவளைக் கட்டிப்பிடித்தது. நிஷாந்தி அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அம்மா, நான் பிறந்ததில இருந்து எனக்கு வேணும் எண்டு நீங்க ஒண்டைச் சொல்லி நான் கேட்டதே இல்ல! பிராண்டே வீட்டை வித்துப்போட்டு எடுங்க அம்மா. எடுங்க! எங்களுக்கு இது காணா. நாங்க மூண்டு பேர். மலிவைக் கண்டு வந்தனாங்க, அவ்வளவுதான்."

"ஹ்விடோவ்ரவில மூண்டறை ஒண்டு வாடகைக்குப் பாத்து வைச்சிரிக்கிறன் மாமி," என்றான் மயூரதன் அவசரமாக. நெடுநாள் மனதில் வைத்திருந்ததை இறக்கி வைக்கிற அவசரம் அது. "இஞ்ச இருந்து ரெண்டு ஸ்டேஷன்தான். பதின்மூவாயிரம். பிராண்டேயில அந்தக் காசுக்கு ஒரு தெருவையே எடுக்கலாம், பரவாயில்ல. நிஷாட சம்பளம் அதைத் தாங்கும்."

"ரெண்டு ஸ்டேஷனா?" என்றாள் இராசலட்சுமி. "நானே ஏறி வருவன். ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போக வேணா." அதைச் சொல்லும்போதே அவளுக்கு ரயிலில் இருப்பது போலிருந்தது.

தரகர்ப் பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ஆனாலும் யாருக்கு என்பது விளங்கிவிட்டது. இராசலட்சுமியின் பக்கம் திரும்பி, வாழ்த்துகள் என்றாள். பேனையை எடுத்தாள். இரண்டு பேர் பெயரிலும் பதியட்டுமா?

இராசலட்சுமி கணவனைப் பார்த்தாள். ஒரு காலில் இரண்டு உறை, மறு காலில் ஒன்றுமில்லாமல் மாமாங்கம் நின்றார். முப்பத்திரண்டு வருடமாக அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த மனிதர். அவர் மேல் அவளுக்கு அந்தக் கணம் வந்த அன்பு கொஞ்சமல்ல. ஆனாலும் சொன்னாள், அழகான டேனிஷில், ஒவ்வொரு சொல்லாக: "என் பெயரில் மட்டும்."

"அப்ப நான்?" என்றார் மாமாங்கம்.

"நீங்க மாப்பிள்ளை. பொம்பிளைட வீட்டில வந்து இரிக்கிறதுதானே எங்கட வழக்கம்? வந்து இரிங்க."

மாமாங்கம் தலையைச் சொறிந்தார். மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், யாரும் உதவிக்கு வரவில்லை. ஜன்னலால் எட்டி, வேறொருவர் வெட்டப்போகிற புல்லைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புப் படர்ந்தது. குசினியைத் தாண்டி, வரவேற்பறையைத் தாண்டி, முன்கதவுக்கு வெளியே படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். கூட்டம் முழுக்க அவர் பின்னால் போய் வாசலில் குவிந்தது.

"கா, மாப்பிள்ளை வாறார்!" என்றாள் மேரிகிறேஸ். வாயில் கையை வைத்து ஊரில் போடுவது போல நீளமாக ஒரு குரவை போட்டாள். வால்பியில் அப்படியொரு சத்தம் அதுவரை கேட்டிருக்காது. சோபா அளந்த சோடி படுக்கையறையிலிருந்து ஓடி வந்தது. யாருக்காவது ஏதாவது நடந்துவிட்டதா, ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று தரகர்ப் பெண் பதறிக் கேட்டாள்.

மாமாங்கம் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"வாங்க," என்றாள் இராசலட்சுமி.